காணிப்பாக்கத்தில் நாங்கள் செய்யாத சத்தியம்

யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் திருப்பதியில் நாங்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி கல்பனா, அவளுடைய ஒன்பது மாதக் கைக்குழந்தை சின்னா. ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கத்தில் இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள்: கல்பனாவோடு வேலை பார்க்கும் நர்ஸ்கள் பத்மா, ரேவதி, அவர்கள் ஆஸ்பத்திரி அட்டெண்டர் முனிரத்தினம். ஆக ஆறு பேர். வேறு யாரும் இல்லை.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் கோயில் பயணங்களைத்தான் எழுதுவேன். இது ஒரு வகுப்புக்குப் போன பயணம். கைக்குழந்தையோடு பரீட்சைக்கோ பயிற்சிக்கோ திருப்பதி போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். கோயிலும் வரும், கடைசியில்.

பங்காருபாளையத்துக்கு அப்பால் ஓர் அறக்கட்டளை நடத்தும் முப்பது படுக்கை ஆஸ்பத்திரியில் கல்பனா நர்ஸ். அங்கே நர்ஸ்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்த இன்சார்ஜ் சிஸ்டர் சித்திரையில் ரிட்டயராகி மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பொறுப்புக்கு வரச் சொல்லி டாக்டர் கல்பனாவைக் கேட்டிருந்தார். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் தலைமைப் பொறுப்பு ஏற்கப் போகிறவர்களுக்குத் திருப்பதியில் இரண்டு நாள் வகுப்பு நடக்கிறது, முதலில் அதற்குப் போய் வா, திங்கட்கிழமை வந்து சரி அல்லது இல்லை என்று ஒன்றைச் சொல் என்று சொல்லியிருந்தார்.

வகுப்பு காலை ஒன்பதரையிலிருந்து ஐந்து மணி வரை. சின்னா இன்னும் தாய்ப்பால் குடிக்கிறவன். அவனை வெளியே வைத்துக்கொண்டு யார் உட்காருவது? போன் எனக்கு வந்தது.

"அக்கா, நீ வந்தா போறேன். இல்லாட்டி அந்த இன்சார்ஜ் வேலையே வேணாம்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "வந்தாலும் வேணாம்னுதான் சொல்லுவேன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன்னால், மாந்தோப்புக் காவலுக்கு இருக்கும் ஒரு பெரியவர் மூச்சிரைப்போடு அவர்கள் வார்டில் படுத்திருந்தார். சாயங்கால ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் அவருடைய ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர் கத்தியிருக்கிறார். டாக்டர் ஓடி வந்து வேறு சிலிண்டர் மாட்டி, ஆம்புலன்சில் சித்தூருக்கு அனுப்பினார். சாமி புண்ணியம், பெரியவர் பிழைத்துக்கொண்டார். இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார்.

ஆனால் நர்ஸ்களுக்குள் அன்றைக்கு விழுந்த விரிசல் சேரவில்லை. ஷிப்ட் முடித்துப் போன பத்மா, "சிலிண்டரைப் பத்தி நான் சொல்லிட்டுத்தான் போனேன்" என்கிறாள். வேலைக்கு வந்த ரேவதி, "மாத்தணும்னு என்கிட்ட யாரும் சொல்லல" என்கிறாள். ஒரே டிபன் கேரியரைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி வழக்கு தீராவிட்டால் காணிப்பாக்கம் போவார்கள். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வரசித்தி விநாயகர் முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவர்கள் நன்றாக வாழ்ந்ததில்லை என்று ஜனங்கள் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன். நிலத் தகராறு, கொடுக்கல் வாங்கல், குடியை விடுவது என்று எதற்கெல்லாமோ போகிறார்கள். ஆஸ்பத்திரி விவகாரத்துக்கும் போகலாம் என்றவள் பத்மா. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை என்று முடிவாயிற்று. கல்பனா திருப்பதியிலிருந்து நேராக அங்கே வந்து, இன்சார்ஜாக வரப்போகிறவள் என்ற முறையில் முன்னால் நின்று சத்தியம் வாங்க வேண்டும். ரேவதியோ, "பண்றேன். பண்ணிட்டு பெங்களூர்ல வேலைக்குப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

"ஒருத்தி சத்தியம் பண்ணா இன்னொருத்தி பொய்க்காரி ஆயிடுவா. ரெண்டு பேரும் பண்ணிட்டா? அதுக்கப்புறம் அவங்கள வெச்சுக்கினு நான் எப்படிக்கா வார்டு நடத்தறது?" என்று போனில் கேட்டாள். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை மதியம் 2.10க்கு நகரியில் பஸ் ஏறினேன். புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஆந்திராவில் இப்போது சாதாரண பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸ்ஸிலும் ஆதார் காட்டினால் பெண்களுக்குப் பணம் இல்லை. கண்டக்டர் என் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "போட்டோல சின்னப் பொண்ணா கீறீங்களேமா?" என்றார்.

"நகரி வெயில்ல காயறதுக்கு முன்னாடி எடுத்ததுப்பா" என்றேன். பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அந்த டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நடுவில் செக்கிங் ஏறுகிறார்கள்.

கல்பனா சித்தூர் பஸ்ஸில் ஐந்து மணிக்கு வந்து இறங்கினாள். ஒரு தோளில் பை, ஒரு தோளில் பிள்ளை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு நாளைக்கு 900 ரூபாய்க்கு ரூம் எடுத்தோம். ஆயிரத்து நூறு கேட்டார்கள். மூன்று ராத்திரிக்குச் சேர்த்துப் பேசிக் குறைத்தேன். கைக்குழந்தை இருந்தால் வெந்நீர் எத்தனை மணி முதல் வரும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ரூமில் ஆறிலிருந்து எட்டு வரைதான்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோவில் ஏறினதும் டிரைவர், "கொண்டக்கா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். மலைக்கில்லை, வகுப்புக்கு என்று இடத்தைச் சொன்னேன். அவர் எங்கள் பக்கத்துத் தமிழுக்கு மாறி, "திருப்பதி வந்துட்டு மலைக்குப் போகலியா? புள்ளைக்கு மொட்டையாச்சும் போடுங்கம்மா, சாமி கோச்சுக்கும்" என்றார். மூன்று கிலோமீட்டருக்கு எண்பது ரூபாய். மலை ஏறாமல் நான் திருப்பதியிலிருந்து திரும்பியது இதுதான் முதல் தடவை. வகுப்பு நடந்த கட்டடத்தின் வராந்தாவில் உட்கார்ந்தால் ஏழு மலையும் தெரிந்தது. சின்னாவைத் தூக்கிக் காட்டி, "அதோ பாரு, கோவிந்தன் வீடு" என்றேன். அவன் என் தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

உள்ளே ஏறக்குறைய முப்பது பேர். மதனப்பள்ளி, புங்கனூர், சத்தியவேடு என்று பல ஊர்களிலிருந்து நர்ஸ்களும் லேப்காரர்களும் இரண்டு இளம் டாக்டர்களும் வந்திருந்தார்கள். இடைவேளைக்கு இடைவேளை கல்பனா வெளியே ஓடி வந்து பால் கொடுத்துக்கொண்டே கதை சொல்வாள். காலையில் பலூன் ஊதி விளையாட்டு. "என் பலூன்தான் மொதல்ல வெடிச்சுதுக்கா. இன்சார்ஜ் ஆகறதுக்கு இது நல்ல சகுனமா?" என்று கேட்டாள். நானும் பதிலுக்குச் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் வந்தபோது சிரிப்பில்லை. நாடகம் மாதிரி ஒன்று செய்யச் சொன்னார்களாம். வார்டில் ஒரு தப்பு நடந்துவிட்டது, கல்பனா இன்சார்ஜ், எதிரில் நிற்கும் சத்தியவேட்டுப் பெண் நர்ஸ். கல்பனா எடுத்த எடுப்பில், "யார் பண்ணது?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் உடனே, "நான் இல்ல மேடம்" என்றாளாம். ஹாலே சிரித்ததாம். வகுப்பு நடத்துகிறவர், "சரி, அடுத்து இன்னா கேப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"அதுக்கு மேல எனக்குப் பேச்சே வரலக்கா. அப்படியே நின்னேன். ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் நிக்கப்போறேன்" என்றாள்.

அன்றைக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாளே தவிர தின்னவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. சாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: அவள் எதைச் சொன்னாலும் பயத்தில் சொல்லக் கூடாது.

சனிக்கிழமை நடந்ததைச் சரியாக எழுத வேண்டும். சின்னாவுக்குப் புதன்கிழமை ஊசி போட்டிருந்தது. லேசான ஜுரம் விட்டுவிட்டு வந்தது. ஜுரம் இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் காலையிலிருந்தே உடம்பு கதகதவென்று இருந்தது, அடுத்த வேளை பதினொன்றரை. நான் மறக்கவில்லை. பதினொன்றேகாலுக்கே மருந்துப் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துத் துண்டின் மேல் வைத்தேன். பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். இடைவேளை விட்டது, கல்பனா வந்தாள். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, பால் குடித்ததும் அவளே ஊற்றிவிடுவாள், மருந்துதான் கண்ணெதிரில் இருக்கிறதே என்று தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்ததும் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஒன்றேகாலுக்குச் சாப்பாட்டு இடைவேளை. கல்பனா வந்து அவன் கழுத்தில் கையை வைத்தாள். "இன்னாக்கா இப்படிக் கொதிக்குது? மருந்து குடுத்தும் நிக்கலியா?"

"நீ குடுத்த இல்ல?" என்றேன்.

"நானா? பாட்டில் வெளிய இருந்துச்சே. நீ குடுத்துட்டேன்னு பையில வெச்சேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கல்பனா அளந்து மருந்தை ஊற்றினாள். மேல்துணியை அவிழ்த்துவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். சாப்பாட்டு நேரம் முழுவதும் அவன் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்குச் சூடு இறங்க ஆரம்பித்தது. அவனும் கண் திறந்து அவள் ஐடி கார்டைப் பிடித்து இழுத்தான்.

அப்போது அவள் கேட்டாள். "அக்கா, இப்போ நம்ம ரெண்டு பேரையும் காணிப்பாக்கத்துல நிக்க வெச்சா நீ இன்னா சொல்லுவ?"

"நான் மறக்கலன்னு சத்தியம் பண்ணுவேன்."

"நானும் பண்ணுவேன்" என்றாள். பிள்ளையைப் பார்த்தாள். "ரெண்டு சத்தியமும் நெசம். புள்ளைக்குத்தான் ஜுரம்."

ராத்திரி ரூமில், "நாளைக்கு யாரையும் சத்தியம் பண்ண விடமாட்டேன்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாமியிடம் வருகிறோம் என்று சொல்லி ஏற்பாடு செய்த ஒன்றை நடுவில் நிறுத்துவதா? "தெய்வ காரியம் கல்பனா, அதுல கை வெக்காதே" என்றேன்.

"சாமி கும்பிடறத நான் நிறுத்தலக்கா. நான் கேக்க வேண்டியதை சாமி தலையில கட்டறதத்தான் நிறுத்தறேன்" என்றாள்.

ஞாயிறு காலை ஆறரைக்குத் திருப்பதியிலிருந்து காணிப்பாக்கத்துக்கு நேர் பஸ். எழுபது கிலோமீட்டர் இருக்கும், இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. சந்திரகிரி தாண்டும்வரை சின்னா தூங்கினான். பாகாலா பக்கம் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றதால் பஸ் ஊர்ந்துதான் போனது. மாங்காய்க் காலத்தில் போகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குக் குளத்தங்கரைக்குப் போனபோது மூன்று பேரும் வந்துவிட்டிருந்தார்கள். பத்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மாற்றுப் புடவை, துண்டு, மஞ்சள் எல்லாம் ஒரு கூடையில். ரேவதி அவள் மகள் வயதுப் பெண், பத்தடி தள்ளிப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று பத்மாதான் முனிரத்தினத்தைக் கூட்டி வந்திருந்தாள்.

கல்பனா குளத்துப் படியில் உட்கார்ந்தாள். "உக்காருங்க. முழுகறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்."

"முழுகிட்டு உள்ள போயி கேளு" என்றாள் பத்மா. "ரெண்டு நாள் கிளாசுக்குப் போனதும் இன்சார்ஜ் தோரணை வந்துருச்சா?"

"தோரணை வரலக்கா. பயம்தான் வந்துருக்குது. உக்காருங்களேன்."

பத்மா கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ரேவதி இரண்டு படி மேலே உட்கார்ந்தாள்.

"யார் தப்புன்னு நான் கேக்கல. அன்னிக்கு ஆளாளுக்கு இன்னா பண்ணீங்க, அதை மட்டும் சொல்லுங்க. முனிரத்தினம் அண்ணே, நீங்களும்."

பத்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "தாத்தா சிலிண்டர்ல மீட்டர் கம்மியா இருந்துச்சு. புது சிலிண்டர் கொண்டாரச் சொன்னேன். அதுக்குள்ள பிரசவ கேஸ் வந்துருச்சு, ஓடினேன். போறப்போ வாசல்ல நின்னு ரேவதிகிட்ட, 'தாத்தா சிலிண்டரைப் பார்த்துக்கோ'ன்னு சொன்னேன். சொன்னேனா இல்லியா, கேளு அவள."

"சொன்னாங்க" என்றாள் ரேவதி. "பார்த்தேனே. பெட் பக்கத்துல புது சிலிண்டர் நின்னுக்கினு இருந்துச்சு. மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். மாத்தணும்னு யாரு சொன்னாங்க? தேவுடா, தெரிஞ்சா வுடுவேனா?" புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

எல்லோரும் முனிரத்தினத்தைப் பார்த்தோம். அவர் தலையைச் சொறிந்தார். "நான்தான் கொண்டாந்து நிறுத்தினேன். மாட்டறது சிஸ்டருங்க வேலை, நாங்க தொடக்கூடாதுன்னு ரூல். யாராச்சும் மாட்டுவாங்கன்னு போயிட்டேன். இத்தினி நாளா என்னை யாரும் கேக்கலம்மா."

குளத்தில் யாரோ கோவிந்தா என்று சொல்லி முழுகி எழுந்தார்கள். பத்மா, "டாக்டர் பக்கத்துல இருந்த சிலிண்டரைத்தான் இழுத்து மாட்டினாரு. அது எப்படி அங்க வந்துச்சுன்னு நான் யோசிக்கவே இல்லியே" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

கல்பனா மருந்துப் பாட்டில் கதையைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பத்மா கையை நீட்டிச் சின்னாவை வாங்கி, கழுத்திலும் அக்குளிலும் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் லேசா சுடுது. அடுத்த மருந்து எப்போ?"

"பத்து மணிக்கு, இன்னும் குடுக்கல" என்று நானும் கல்பனாவும் ஒரே நேரத்தில் சொன்னோம். முனிரத்தினம்தான் முதலில் சிரித்தார். பிறகு ரேவதி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

பத்து மணிக்கு அந்தப் படியிலேயே பத்மா பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டாள், ரேவதி மருந்தை அளந்து ஊற்றினாள். "குடுத்துட்டேன்" என்றாள் ரேவதி. "பார்த்துட்டேன்" என்றாள் பத்மா. விளையாட்டாகத்தான் சொன்னார்கள். கல்பனா அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கால் கை கழுவிக்கொண்டு, உலர்ந்த துணியோடு தரிசனத்துக்குப் போனோம். இலவச வரிசையில் ஐம்பது நிமிஷம். எனக்கு உள்ளூர இன்னும் பயம்தான், சொன்ன சொல்லை மாற்றிவிட்டோமே என்று. சன்னதியில் கற்பூரத் தட்டு வந்தபோது பத்மா இரண்டு கையையும் காட்டித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுபடி காட்டி, பக்கத்தில் நின்ற ரேவதியின் கண்ணில் ஒற்றினாள். என் பயம் அங்கே போயிற்று.

அன்னதானத்தில் ஐந்து பேரும் ஒரே வரிசையில் சாப்பிட்டோம், சின்னா மடி மாறி மாறி. பத்மா ரசத்தைக் குடித்துவிட்டு, "பெங்களூர் பஸ்ஸு எத்தினி மணிக்குடி?" என்றாள்.

"ஏன், டிபன் கேரியர நீங்க ஒருத்தரே காலி பண்ணலாம்னா?" என்றாள் ரேவதி.

காணிப்பாக்கத்திலிருந்து சித்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர், கால் மணிக்கொரு பஸ். அங்கே அவர்களை விட்டுவிட்டு, நான் புத்தூர் மாறி ஏழு மணிக்கு வீடு சேர்ந்தேன். என் கணக்கு: ரூம் 2,700, ஆட்டோ நான்கு தடவை 320, சாப்பாடு பால் எல்லாம் 1,140, தேங்காய், கற்பூரம், பூ 120. மொத்தம் 4,280 ரூபாய். வகுப்புக் கட்டணம் ஆஸ்பத்திரி கட்டியது. பஸ்ஸுக்கு ஒன்றுமில்லை. குழந்தையோடு போகிறவர்கள் வகுப்பு நடக்கும் இடத்தில் வெளியே உட்கார இடமும் மின்விசிறியும் உண்டா என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். எங்களுக்கு இருந்தது, அதிர்ஷ்டம். மருந்து கொடுக்கிறவர்கள் இரண்டு பேர் என்றால், கொடுத்தேன் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, இன்னொருவர் அதைக் கேட்டதாகவும் சொல்லுங்கள். பாட்டிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

திங்கட்கிழமை மதியம் கல்பனா போன் செய்தாள். டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டாள். கூடவே ஒன்று கேட்டிருக்கிறாள்: ஷிப்ட் மாறும்போது போகிற நர்ஸ், வருகிற நர்ஸ், அட்டெண்டர் மூவரும் சேர்ந்து பத்து நிமிஷம் ஒவ்வொரு படுக்கையாகப் போக வேண்டும். டியூப்பைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கொடுத்ததைச் சொல்ல வேண்டும், பார்த்ததையும் சொல்ல வேண்டும். டாக்டர் ஒரு மாதம் செய்து பாருங்கள் என்றிருக்கிறார். குரல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பலூன் கதை சொன்னபோது இருந்த குரல்.

ஒரே ஒரு சிக்கல். சாயங்கால ஷிப்ட் எட்டு மணிக்கு முடிகிறது. பத்மாவின் ஊருக்குக் கடைசி பஸ் 8.05. அந்தப் பத்து நிமிஷம் நின்றால் பஸ் போய்விடும். பஸ்ஸுக்காக அவளை மட்டும் விட்டால், மறுபடி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற கதைதான். அடுத்த ஷிப்ட்காரர்கள் பத்து நிமிஷம் முன்னால் வருவதா, வேறு வழி உண்டா என்று கல்பனா யோசித்துக்கொண்டிருக்கிறாள். இதைப் படிக்கிறவர்களில் கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் இடத்தில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அவள் முதல் டூட்டிப் பட்டியல் போடுகிறாள். வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும்.